தானே விடுக்கும் ஓலை

நன்னிலம் வட்டம் ஆற்றுநீரால் வாழும் நாடு. முடிகொண்டானாறும் திருமலைராசனாறும் பாயும் அப்பகுதியில், மதகுகளைக் காக்கும் லஸ்கர் என்னும் பணியாளரை மாணவர்கள் கண்டிருக்கலாம். அவர் குறித்த வேளையில் நீர்மட்டத்தை அளந்து மேலிடத்திற்கு அறிவிப்பார். நள்ளிரவில் வெள்ளம் பெருகிக் கரை உடையும் நிலை நேரின், விடியும்வரை காத்திரார். அக்கணமே செய்தி விடுப்பார். கேட்டபோது சொல்லுதல் ஒன்று; கேளாமலே சொல்லுதல் மற்றொன்று. இவ்விரண்டும் இக்காலத்துக் கணினி வலைப்பின்னலிலும் உண்டு.

வங்கிக்கிளை, ஊராட்சி அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றை இணைக்கும் கருவிகள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதுற்றால், முதியோர் உதவித்தொகை பெற வந்தவர் வங்கி வாயிலிற் காத்திருக்க நேரும். ஆதலின் தொலைவிலுள்ள கண்காணிப்பு நிலையம் ஒவ்வொரு கருவியையும் இடைவிடாது உசாவி வருகிறது. இவ்வுசாவலுக்கு வகுத்த நெறிமுறையை எஸ்.என்.எம்.பி. என்பர். அதன் முதல் வரைவு 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐந்து நிமிடத்திற்கொருமுறை உசாவினால், இடையில் நேர்ந்த கேடு ஐந்து நிமிடம்வரை மறைந்திருக்கக்கூடும். அக்குறையை நீக்கவே, கருவி தானே செய்தி விடுக்கும் வழியும் அந்நெறிமுறையில் அமைந்தது. அச்செய்திக்கு டிராப் என்று பெயர்.

அச்சொல்லைப் ‘பொறி’ எனத் தமிழாக்குவோர் உளர். எலியைப் பிடிக்கும் பொறியை நினைத்தால் பொருள் பொருந்தாது. இங்கு எதுவும் பிடிபடுவதில்லை. ஆயின் கண், செவி முதலியவற்றையும் பொறி என்றே நம் முன்னோர் வழங்கினர். அப்பொருளிற் கொண்டால் இப்பெயர் மிக இனிது பொருந்தும்.

தொடக்க நெறிமுறை ஏழு வகைச் செய்திகளை வகுத்தது. கருவி புதிதாக இயங்கத் தொடங்கியது, இணைப்பு அறுந்தது, அறுந்த இணைப்பு மீண்டது, உரிமையற்றவர் உசாவினர் என்பன அவற்றுட் சில. ஏழாவது, அந்தந்த நிறுவனத்தார் தம் கருவிக்கென வகுத்துக்கொள்வது. செய்தி சொற்களாக வாராது; புள்ளியிட்ட எண்வரிசையாகவே வரும். அவ்வெண்ணின் பொருளைக் கூறும் ஏடு நிலையத்தில் இல்லையேல், வந்த ஓலை படிக்கப்படாத ஓலையே. கருவி குறிப்பிடும் காலமும் நாளும் மணியும் அன்று. தான் இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த காலம். ஆகவே வந்துசேர்ந்த நேரத்தை நிலையமே பொறித்துக்கொள்ளல் வேண்டும்.

கம்பியின் முனை தளர்ந்திருந்தால் இணைப்பு அறுவதும் மீள்வதுமாய் நூற்றுக்கணக்கான ஓலைகள் வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் மணியடித்தால் காவலர் சலிப்புற்று, மெய்யான இடரையும் புறக்கணிப்பார். அறிவுடைய நிலையம் அவற்றை ஒரே நிகழ்ச்சியாகத் தொகுத்து, மீண்ட செய்தி நிலைபெற்ற பின்னரே அதனை முடிக்கும். ஓலை வந்ததும் அக்கருவியை ஒருமுறை உசாவித் தெளிவதும் நன்று. ஒற்றர் மூவரை ஒருவரையொருவர் அறியாவண்ணம் ஆண்டு, அவர் சொல் ஒத்தவழித் தெளிக என்று திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்துட் கூறியதும் இவ்வியல்பினதே. பழைய முறையில் யாரும் பொய்யோலை விடுக்க இயலும். அனுப்பியவரை மெய்ப்பிக்கும் மூன்றாம் பதிப்பு 2002ஆம் ஆண்டில் முழுத்தரம் பெற்றது.

இவ்வோலைக்கு மற்றொரு குறையுண்டு. விடுத்த கருவி அது சேர்ந்ததா என்பதை அறியாது. பெற்றதற்கு ஒப்புகை கோரும் வேறொரு வகைச் செய்தி பின்னர் வந்தது. ஒப்புகை வாராவிடின் கருவி மீண்டும் விடுக்கும். எனினும் வழியே அறுந்துவிட்டால் அதுவும் பயனின்று. அப்போது அறுந்த இடத்திற்கு இப்பாலுள்ள கருவிதான் செய்தி சொல்லும்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்தன. தொலைபேசித் தொடர்பும் அற்றது. அத்தகைய வேளையில் மின்சாரம் இழந்த கருவி எந்த ஓலையை விடுக்கும்? சில கருவிகளில் சிறிதளவு மின்னாற்றலைத் தேக்கி வைத்திருப்பர். மின்சாரம் நின்றதும் அவை ‘அணைகின்றேன்’ என்னும் ஒரே செய்தியை விடுத்து ஓயும். பொறியாளர் இதனை இறுதிமூச்சு என்பர். அம்மூச்சு வந்திருப்பின், மின்சாரமே நின்றது என்று கொண்டு மின்பணியாளரை விடுப்பர். மூச்சின்றி அடங்கியிருப்பின் ஒளியிழை அறுந்திருத்தல் கூடும்; இழை இணைப்போரை விடுத்தல் வேண்டும். எவ்வோலையும் விடுக்க ஆற்றலற்ற கருவிகளை, உசாவியும் விடைபெறாத நிலையம் தன் படத்திற் சிவப்பாகக் குறிக்கும்.