கால் செய்வதா, ஃபோல்டு செய்வதா? எக்ஸெலைக் கேட்போம்

சீட்டாட்டத்தில் தோற்ற எரிச்சலில் ஒரு எக்ஸெல் ஒர்க்ஷீட் தயாரித்தேன். இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் டோர்னமெண்ட் ஆடுகிறோம். பணம் கிடையாது, பாயிண்ட் மட்டும்தான். சிப்ஸ் தீர்ந்தவர் வெளியே. முதல் இடத்துக்கு 60 பாயிண்ட், இரண்டாம் இடத்துக்கு 40. மூன்றாம் இடத்துக்கு ஒன்றுமில்லை.

அன்று மூன்று பேர் மிஞ்சியிருந்தோம். என் கையில் ஹார்ட்டின் ஜாக்கியும் ஹார்ட்டின் 10ம். ஃப்ளாப்பில் ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் 7, கிளாவர் 2. இன்னும் ஒரு ஹார்ட்டின் வந்தால் எனக்கு ஃப்ளஷ். நடுவில் 8000 சிப்ஸ் கிடந்தது. எதிராளி தன் 6000ஐயும் தள்ளி ஆல்-இன் என்றார். என்னிடமும் சரியாக 6000. மூன்றாமவர் 10000 வைத்துக்கொண்டு, ஃபோல்டு செய்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

மனக்கணக்கு போட்டேன். கால் செய்தேன். அடுத்த இரண்டு சீட்டிலும் ஹார்ட்டின் வரவில்லை. "மூணு மணி நேரம் உக்காந்து ஒரு பாயிண்ட் கூட இல்லையா?" என்றார் என் மனைவி.

என் மனக்கணக்கு தப்பா என்று பார்க்க எக்ஸெலைத் திறந்தேன். நீங்களும் திறந்து கொள்ளுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் போதும். செல் பெயர்களை இங்கே தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்திலேயே டைப் செய்ய வேண்டும்.

பி1 செல்லில் எதிராளியின் பந்தயத்தையும் சேர்த்து நடுவில் உள்ள மொத்த சிப்ஸ், அதாவது 14000. பி2ல் நான் போட வேண்டிய 6000. பி3ல் =பி2/(பி1+பி2) என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். % பட்டனை கிளிக் செய்தால் 30% என்று வரும். நூற்றுக்கு முப்பது முறைக்கு மேல் ஜெயித்தால் சிப்ஸ் கணக்கில் லாபம்.

ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? 13 ஹார்ட்டினில் 4 கண்ணுக்குத் தெரிகிறது, மீதி 9. அதை பி4ல் போடுங்கள். நான் பார்க்காத சீட்டுகள் 47. இரண்டு முறையும் வராமல் போகும் வாய்ப்பை 1லிருந்து கழிக்க வேண்டும். பி5ல் =1-((47-பி4)/47)*((46-பி4)/46). விடை 35%. (கையில் கம்ப்யூட்டர் இல்லாதபோது 9ஐ 4ஆல் பெருக்கிக் கொள்ளலாம். இது ஆல்-இன்னுக்கு மட்டும்தான். அடுத்த சீட்டுக்குப் பிறகு மறுபடியும் பந்தயம் கட்ட வேண்டி வருமானால் ஒரு சீட்டுக்கான 19%தான் உங்கள் கணக்கு.)

30% வேண்டும், 35% இருக்கிறது. கால் செய்தது சரி என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பி1 முதல் பி5 வரை எங்கேயும் 60, 40 என்ற பாயிண்ட் வரவே இல்லை, கவனித்தீர்களா?

பி6ல் 60, பி7ல் 40 போடுங்கள். நான் ஃபோல்டு செய்திருந்தால் யாரிடம் எவ்வளவு இருந்திருக்கும்? டி1ல் எனக்கு 6000, டி2ல் எதிராளிக்கு 14000, டி3ல் மூன்றாமவருக்கு 10000. டி4ல் மூன்றையும் கூட்டுங்கள்: 30000. முதலிடம் வரும் வாய்ப்பு சிப்ஸின் பங்கு; டி5ல் =டி1/டி4, அதாவது 20%. இரண்டாமிடத்துக்கு, மற்றவர்களில் ஒருவர் முதலில் வந்துவிட்டதாக வைத்து மீதியில் என் பங்கைப் பார்க்க வேண்டும். டி6ல் =(டி2/டி4)*டி1/(டி1+டி3)+(டி3/டி4)*டி1/(டி1+டி2). விடை 27.5%. பந்தயக் குதிரைகளை மனதில் வைத்து டேவிட் ஹார்வில் 1973ல் வெளியிட்ட முறை இது. போக்கரில் ஐசிஎம் என்பார்கள். யார் கெட்டிக்காரர் என்பதை இது பார்க்காது. அது ஒரு குறைதான்.

டி7ல் =டி5*பி6+டி6*பி7. ஃபோல்டு செய்தால் என் மதிப்பு 23 பாயிண்ட். டி8ல், கால் செய்து ஜெயித்தால்: =((பி1+பி2)*பி6+டி3*பி7)/டி4. இது 53.33. தோற்றால் பூஜ்யம். டி9ல் =டி7/டி8 என்று போட்டு % ஆக்குங்கள்.

43.1%. என்னிடம் இருந்ததோ 35%. சிப்ஸை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கினாலும் பாயிண்ட் அந்த வேகத்தில் பெருகுவதில்லை. சும்மா இருந்தாலே வரக்கூடிய 23 பாயிண்டைத் தூக்கி வைத்துச் சூதாடியிருக்கிறேன்.

எண்களை மாற்றிப் பாருங்கள், இங்கேதான் சுவாரஸ்யம். பி6ல் 100, பி7ல் 0 போட்டால் டி9 சரியாக 30% ஆகிவிடும். ஒருவருக்கு மட்டுமே பரிசு என்றால் என் மனக்கணக்கு சரிதான்! மறுபடி 60, 40 வைத்து, பி4ல் 12 போடுங்கள். ஜாக்கிக்குப் பதில் ஹார்ட்டின் ஏஸ் இருந்திருந்தால் மீதி மூன்று ஏஸும் சேர்ந்து 45% ஆகும், கால் செய்யலாம். எதிராளியிடம் ஒரு ஜோடி ராஜா மட்டும் இருந்தால்தான் இது. அவரிடம் ராஜாவோடு ஏஸும் இருந்தால் அந்த மூன்றும் உதவாது.

கடைசியாக டி3ல் 10000க்குப் பதில் 1000 போடுங்கள். டி9 68.7%க்குத் தாவும். ஒருவர் வெளியேறும் நிலையில் இருக்கும்போது எந்த ஃப்ளஷ்ஷையும் துரத்தக்கூடாது.

அன்று வேடிக்கை பார்த்தவர் 40 பாயிண்டோடு வீட்டுக்குப் போனார். அவரிடம் மட்டும் இந்த ஒர்க்ஷீட்டை இன்னும் காட்டவில்லை.