டிவிடி டிரைவின் இடத்தில் என்ன வைக்கலாம்?



உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பத்து ஆண்டுகளுக்கு முந்திய மடிக்கணினி ஒன்று இருக்கக்கூடும். அதன் பக்க விளிம்பைப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு மெல்லிய கதவும், அதில் ஒரு சிறு பொத்தானும், அருகே குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளையும் தெரிந்தால், உள்ளே ஒளித்தகட்டைப் படிக்கும் கருவி இருக்கிறது என்று பொருள். கடைத்தெருவில் அதை டிவிடி டிரைவ் என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

சுழலும் பாகங்கள் கொண்ட கருவி ஆதலால் வயதான கணினியில் இது தொல்லை கொடுப்பது இயல்பு. அப்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. இதையே சரிசெய்யலாமா? வேறொரு டிரைவ் வாங்கிப் பொருத்தலாமா? அல்லது இதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வேறு ஏதேனும் வைக்கலாமா? இவற்றுக்கான விடையில் பெரும் பகுதி உங்கள் இயற்பியல் புத்தகத்தின் ஒளியியல் பாடத்திலேயே இருக்கிறது.

ஐந்து கிலோமீட்டர் நீளப் பாதை

ஒரு சி.டி.யை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். வானவில் நிறங்கள் தெரியும். ஆய்வகத்தில் கீற்றணி வைத்துச் செய்யும் சோதனையும் இதுவும் ஒன்றே. தகட்டில் நெருக்கமான கோடுகள் இருப்பதால்தான் நிறங்கள் பிரிகின்றன. உண்மையில் அவை பல கோடுகள் அல்ல. உள்ளிருந்து வெளியே சுற்றிச் செல்லும் ஒரே தடம். அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரோமீட்டர். செய்தி பதிந்துள்ள பகுதி மையத்திலிருந்து 25 மி.மீ. தொடங்கி 58 மி.மீ. வரை நீள்கிறது. அந்த வளையத்தின் பரப்பைக் கண்டுபிடித்து 0.0016 மி.மீ. ஆல் வகுத்துப் பாருங்கள். 5 கிலோமீட்டருக்கு மேல் வரும்! உள்ளங்கையகலத் தகட்டில் ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குப் போகும் தூரம் சுருண்டு கிடக்கிறது.

அந்தத் தடத்தில் நுண்ணிய குழிகள் உள்ளன. லேசர் ஒளி கீழிருந்து பிளாஸ்டிக்கின் வழியே சென்று, உலோகப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. குழியின் ஆழம் பிளாஸ்டிக்கினுள் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு. குழியில் பட்ட ஒளி போகும்போது கால் பங்கும் வரும்போது கால் பங்கும், ஆக அரை அலைநீளம் வேறுபட்டுத் திரும்புகிறது. அரை அலைநீளம் வேறுபட்டால் என்ன ஆகும்? குறுக்கீட்டு விளைவால் ஒளி மங்கும். இந்த மங்கலையும் பிரகாசத்தையும் ஓர் ஒளி உணர்கருவி மின் துடிப்புகளாக மாற்றுகிறது. குழி என்றால் 1, சமதளம் என்றால் 0 என்று சில புத்தகங்களில் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. குழியின் விளிம்பு வரும் இடமே 1. விளிம்பு வராமல் நீளும் இடமெல்லாம் 0.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். லேசரை எவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிக்க முடியும்? விளிம்பு விளைவு இதற்கு ஓர் எல்லை கட்டுகிறது. லென்சிலிருந்து வரும் ஒளிக்கூம்பின் அரைக்கோணம் தீட்டா என்றால், புள்ளியின் அகலம் ஏறத்தாழ அலைநீளத்தை 2 சைன் தீட்டாவால் வகுத்தால் கிடைக்கும். சி.டி.க்கு அலைநீளம் 780 நானோமீட்டர், சைன் மதிப்பு 0.45, புள்ளி சுமார் 870 நானோமீட்டர். டிவிடிக்கு 650-உம் 0.60-உம், புள்ளி 540. புளூ-ரே தகட்டுக்கு 405-உம் 0.85-உம், புள்ளி 240. ஆகவே டிவிடியில் தட இடைவெளியை 0.74 மைக்ரோமீட்டராகவும் புளூ-ரேயில் 0.32 மைக்ரோமீட்டராகவும் நெருக்க முடிந்தது. டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜி.பி., புளூ-ரேயில் 25 ஜி.பி. கொள்கிறது. 540-ஐ 240-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள், 25-ஐ 4.7-ஆல் வகுங்கள். இரண்டு விடைகளும் எவ்வளவு நெருங்கி வருகின்றன பாருங்கள்!

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. டிவிடி டிரைவைப் புளூ-ரே படிக்க வைக்க எந்த மென்பொருளாலும் முடியாது. 540 நானோமீட்டர் புள்ளி 320 நானோமீட்டர் இடைவெளியுள்ள தடங்களின் மேல் விழுந்தால், ஒரு தடத்துக்குப் பக்கத்துத் தடமும் சேர்ந்து தெரியும். கருவியையே மாற்றினால்தான் உண்டு.

பழுதா, தூசியா?

டிவிடி டிரைவினுள் இரண்டு லேசர்கள் உண்டு: சி.டி.க்கு 780, டிவிடிக்கு 650. சி.டி.யைப் படிக்கிறது, டிவிடியைப் படிக்கவில்லை என்றால் இரண்டாவது லேசர் வலுவிழந்திருக்கலாம். இரண்டையும் தட்டுத்தடுமாறிப் படித்தால் முதலில் லென்சின் மேல் சந்தேகப்படுங்கள். கணினியை நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சிறு துளையில் நேராக்கிய காகிதக் கவ்வியை மெல்ல அழுத்தினால் தட்டு வெளியே வரும். பயறளவுள்ள லென்சு தெரியும். ரப்பர் ஊதுகுழாயால் தூசியை ஊதுங்கள். போகாவிட்டால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மிக லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் அழுத்தாமல் துடைக்கலாம். லென்சு மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. டிரைவின் உலோக மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுக்கவே கூடாது. தகட்டில் எழுதும் லேசர் கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும் வலிமை உள்ளது. 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால் ஆபத்து அதிகமே தவிரக் குறைவல்ல.

வேறு டிரைவ் வாங்குவதானால் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. தடிமன் 12.7 மி.மீ.யா, 9.5 மி.மீ.யா என்று அளவுகோலால் அளந்துவிடுங்கள். தடிமனானது மெல்லிய இடத்தில் நுழையாது. பின்பக்க இணைப்பான் சாட்டா வகையா, இன்னும் பழைய 50 முனை ஐ.டி.இ. வகையா என்று பாருங்கள். முன்பக்கப் பிளாஸ்டிக் முகப்பையும் பின்னால் உள்ள சிறு உலோகத் துண்டையும் பழைய டிரைவிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டிக்கொள்ளலாம். பல கணினிகளில் அடிப்புறத்தில் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் டிரைவ் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். மின்கலத்தை முதலில் கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். ஒரு திருகாணியோடு வராத கணினிகளில் விசைப்பலகை வரை பிரிக்க வேண்டியிருக்கும். அங்கே பழகிய கையின் உதவி வேண்டும்.

காலி இடத்துக்கு ஒரு குடியிருப்பாளர்

டிவிடி டிரைவின் இடத்தில் எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பானை வைப்பதே, என் கருத்தில், பழைய கணினிக்குச் செய்யக்கூடிய சிறந்த வைத்தியம். இதற்கென டிரைவின் அளவிலேயே ஒரு கூடு விற்கிறார்கள். அதன் பெயர் கேடி! போலீஸ் நிலையத்துப் பட்டியலில் இருக்கும் கேடி அல்ல. பெட்டி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். கூடு எதற்கு? மடிக்கணினியின் டிவிடி இணைப்பானில் மின்சாரத்துக்கு 6 முனைகளே உண்டு, எஸ்.எஸ்.டி.க்கு 15 முனைகள். கூட்டிலுள்ள சிறு அட்டை இரண்டையும் இணைக்கிறது. அங்கே கிடைப்பது 5 வோல்ட் மட்டும். இரண்டரை அங்குலச் சேமிப்பானுக்கு அது போதும். 12 வோல்ட்டும் கேட்கும் மேசைக்கணினி ஹார்டு டிஸ்க்குக்குப் போதாது.

வேகம் எப்படிக் கூடுகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். மடிக்கணினி ஹார்டு டிஸ்க் பல நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. அதாவது வினாடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் முனையின் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 5.6 மில்லிவினாடி. முனையைத் தாங்கிய கை நகரும் நேரத்தையும் சேர்த்து 15 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. சில்லில் சிறைப்பட்ட மின்னூட்டங்களைப் படிக்க 0.1 மில்லிவினாடி போதும். கணினி விழித்தெழும்போது சிதறிக் கிடக்கும் 5,000 சிறு துண்டுகளைத் தேட வேண்டும் என்றால், ஹார்டு டிஸ்க்குக்கு 75 வினாடி, எஸ்.எஸ்.டி.க்கு அரை வினாடி. கணினி கிழடாகிவிட்டது என்று வீட்டில் பழிப்பது பல நேரங்களில் இந்த 75 வினாடியைத்தான்.

ஆனால் எஸ்.எஸ்.டி.யைக் கூட்டில் வைக்காதீர்கள். அதை ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் வைத்து, ஹார்டு டிஸ்க்கைக் கூட்டுக்கு மாற்றுங்கள். சில கணினிகளில் டிவிடியின் இணைப்பு மெதுவான வகை. 8 மடங்கு வேகத்தில் ஓடும் டிவிடியே வினாடிக்கு 11 எம்.பி. தருவதால், உற்பத்தியாளர்கள் அங்கே வேகமான இணைப்புக்குச் செலவிடவில்லை. வினாடிக்கு 100 எம்.பி. அளவில் தரும் ஹார்டு டிஸ்க்குக்கு அந்த வழி போதும். அதைப் போல் ஐந்து மடங்கு தரவல்ல எஸ்.எஸ்.டி.க்குப் போதாது. கணினியைத் தொடங்கும் மென்பொருளும் முதன்மை இடத்திலிருந்து சிக்கலில்லாமல் எழும். உங்கள் கணினியில் எம்.2 என்னும் சிறு பொருத்துவாய் ஏற்கெனவே இருந்தால் இந்த வேலையே வேண்டாம், அதற்குரிய எஸ்.எஸ்.டி.யை அங்கே செருகிவிடலாம்.

கழற்றுவதற்கு முன்னால்

திருப்புளியை எடுப்பதற்கு முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். 2000-க்குப் பின் நடந்த பல திருமணங்களின் படங்கள் டிவிடியாகவே வீடுகளுக்கு வந்தன. அவற்றில் பெரும்பாலானவை திரைப்படத் தகடுகளைப் போல அச்சில் வார்த்தவை அல்ல. அவற்றில் குழிகளே கிடையாது. கரிமச் சாயம் ஒன்றின் மேல் லேசரால் சுட்ட புள்ளிகளே உள்ளன. வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அந்தச் சாயம் வெளுக்கிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே படம் அழிந்துகொண்டிருக்கும். நம் ஊர் வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் கிடக்கும் தகட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகையால் முதல் வேலை, இருக்கும் டிரைவைக் கொண்டு எல்லாத் தகடுகளையும் ஹார்டு டிஸ்க்கில் நகலெடுப்பது; பிறகு வேறோர் இடத்தில் இரண்டாவது நகல். அடம்பிடிக்கும் தகட்டை மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீண்டு, தொடர்ந்து பல எழுத்துகளை மறைக்கும்; பிழை திருத்தும் குறியீடு அவ்வளவு நீள இழப்பைத் தாங்காது. ஒரு டிரைவில் ஓடாத தகடு இன்னொன்றில் ஓடுவதும் உண்டு, நண்பர் வீட்டிலும் போட்டுப் பாருங்கள். சி.டி.யில் பெயர் அச்சிட்ட பக்கத்தின் மேல் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம். செய்தியடுக்கு அந்தப் பக்கத்தில்தான், மெல்லிய பூச்சு ஒன்றின் கீழே இருக்கிறது. டிவிடியில் அது நடுவில், இரண்டு 0.6 மி.மீ. தட்டுகளுக்கிடையே பத்திரமாக இருக்கும்.

கழற்றிய டிரைவை எறிய வேண்டாம். அதற்கும் யு.எஸ்.பி. உறை கிடைக்கிறது, அதில் போட்டால் எந்தக் கணினியிலும் செருகிக்கொள்ளலாம். பழைய யு.எஸ்.பி. 2 வாய் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது 2.5 வாட். தகட்டைச் சுழற்றத் தொடங்கும்போதும் எழுதும்போதும் டிரைவ் அதைவிட அதிகம் கேட்கும். சில உறைகளின் கம்பியில் இரண்டு செருகிகள் இருப்பது அதனால்தான். உங்கள் டிரைவின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, வாட் கணக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.