கைக்கடிகாரத் திரையில் விரலும் வெளியேறும் வழியும்

கம்ப்யூட்டரில் ஒரு ப்ரோக்ராமை மூட, மூலையில் பெருக்கல் குறி இருக்கிறது. கைக்கடிகாரத் திரையில் அதற்கு இடம் ஏது? அதனால்தான் 2014-ல் ஆண்ட்ராய்டு வேர் என்ற பெயரில் வந்து, 2018-ல் வேர் ஓ.எஸ். என்று பெயர் மாறிய கூகிள் சிஸ்டத்தில், விரலை இடமிருந்து வலமாக இழுத்தாலே செயலி மூடும்படி வைத்தார்கள்.

வசதிதான். ஆனால் நாம் படம் வரையும் செயலி ஒன்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பயன்படுத்துபவர் இடமிருந்து வலமாக ஒரு கோடு போடுகிறார். செயலி மூடிவிடுகிறது, வரைந்த படமும் போச்சு! ஏன் இப்படி?

விரல் பட்டதும் 'டவுன்', நகர நகர 'மூவ்', எடுத்ததும் 'அப்' என்று நிகழ்வுகள் வரும். இவை வெளியே இருக்கும் பேரன்ட் வியூவைக் கடந்துதான் உள்ளே நம் வியூவுக்கு வரும். விரலின் சிறு நடுக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 'டச் ஸ்லாப்' என்ற எல்லையை, அதாவது வழக்கமாக 8 டி.பி.-யைத் தாண்டினால்தான் அது இழுப்பு. தாண்டியதும் பேரன்ட் வியூ நிகழ்வைப் பிடுங்கிக்கொள்ளும். நமக்கு 'கேன்சல்' மட்டும் வரும். நம்மில் பலர் முதல் மூன்றுக்கும் கோடிங் எழுதிவிட்டு, கேன்சலை மறந்துவிடுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்?

1. வரைபடம் போல பக்கவாட்டில் நகரும் வியூ என்றால், 'கேன் ஸ்க்ரோல் ஹாரிசான்டலி' ஃபங்ஷன் 'ட்ரூ' என்று சொல்லட்டும். பேரன்ட் வியூ குறுக்கே வராது. இடது ஓரம் வந்ததும் 'ஃபால்ஸ்' சொன்னால், அடுத்த இழுப்பில் வெளியே போய்விடலாம்.

2. தீமில் 'விண்டோ ஸ்வைப் டு டிஸ்மிஸ்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கலாம். ஆனால் கதவைப் பூட்டினால் வேறு வாசல் நாமே வைக்கணும். ஆரம்ப காலத்தில், அழுத்திப் பிடித்தால் மூடும் குறி தோன்றும் முறை இதற்காகவே இருந்தது.

3. இன்றைய கம்போஸ் முறையில் 'எட்ஜ் ஸ்வைப் டு டிஸ்மிஸ்' உண்டு. திரையின் ஓரத்தில் தொடங்கும் இழுப்பு மட்டுமே செயலியை மூடும். நடுப்பகுதி முழுக்க நமக்கே.

எந்த வழியானாலும் 'ஆன் பாஸ்' வரும்போதே வேலையைச் சேமித்துவிடுங்கள். பக்கவாட்டு பட்டனை அழுத்தியும் ஒருவர் வெளியே போகலாம் அல்லவா?

கடைசியாக ஒன்று. எமுலேட்டரில் மவுஸ் முனை ஒரு புள்ளி. நம்ம விரல் அப்படியல்ல. தொடும் பட்டன் 48 டி.பி., அதாவது சுமார் 7.6 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. ப்ராஜெக்ட் முடிந்ததும் கடிகாரத்தைக் கையில் கட்டி, நடந்துகொண்டே சோதித்துப் பாருங்கள். உள்ளே வருவது போலவே வெளியே போவதும் சுலபமாக இருந்தால்தான் அது நல்ல செயலி.