குமிழைத் திருப்புவது அவள் வேலை

சிறுமியர் ராக் முகாமுக்கு இந்தக் கோடையில் முதன்முறையாகத் தன்னார்வலராக வரும் இளம்பெண்களுக்கு, இதிலேயே பல கோடைகளைக் கழித்தவள் சொல்லிவைப்பது.

1. எதற்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். 2001இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில், மிஸ்டி மெக்கல்ராய் என்ற பல்கலைக்கழக மாணவி தன் படிப்புக்கான திட்டப்பணியாகத் தொடங்கியது இது. வடிவம் இன்றும் ஏறக்குறைய அதுதான். திங்கட்கிழமை வாத்தியத்தைத் தொட்டே பார்த்திராத சிறுமி வருவாள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பேண்ட் ஆவார்கள். தாங்களே எழுதிய ஒரு பாட்டை வாரக் கடைசியில் மேடையில் வாசிப்பார்கள். ஐந்து நாளில் யாருக்கும் கிடார் வராது. வரவேண்டும் என்று இந்த முகாமை யாரும் தொடங்கவும் இல்லை.

2. கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரில், அதாவது ஆம்பில், சத்தம் வராது. நாலு ஜோடிக் கண்கள் உங்களையே பார்க்கும். கிடாரின் வால்யூம் குமிழ் அடங்கியிருப்பது உங்களுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். கை தன்னால் நீளும். நீட்டாதீர்கள். “சத்தம் எங்கே கிளம்பி எந்த வழியாகப் போகிறது?” என்று மட்டும் கேளுங்கள். ஸ்ட்ரிங், அதன் அடியிலிருக்கும் பிக்கப், கிடாரின் குமிழ், கேபிள், ஆம்பின் துளை, ஆம்பின் குமிழ் என்று அவளே விரல் வைத்துத் தொட்டுக்கொண்டு போகட்டும். பத்து நிமிடம் வீணாகலாம், ஆகட்டும். மைக் ஊளையிட்டாலும் இதேதான். மைக் வாங்கிய ஒலி ஸ்பீக்கரில் பெருத்து வெளியே வந்து, மறுபடி மைக்குக்குள்ளேயே நுழைகிறது. அந்தச் சுற்றை எங்கே அறுப்பது என்று அவர்கள் கண்டுபிடிக்கட்டும். வீட்டில், பள்ளியில், வாத்தியக் கடையில், “விடும்மா, நான் பார்க்கிறேன்” என்று வாங்கிச் செய்துகொடுக்க ஆள் இருந்துகொண்டே இருக்கிறது. முகத்துக்கு நேரே தடுப்பவர்களும் உண்டு. சிறுமிகள் ராக் வாசிப்பதில்லை என்று தன் கிடார் ஆசிரியர் சொன்னதை ராக் கலைஞர் ஜோன் ஜெட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1975இல் ‘தி ரனவேஸ்’ பேண்டைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். ஆனால் அப்படிப்பட்ட வார்த்தையைக் கேட்டுவிட்டு வாத்தியத்தைப் பரணில் போட்டவர்கள் யாரும் பேட்டி கொடுப்பதில்லை.

3. கொஞ்சமாகக் கற்றுக்கொடுங்கள். கிடாருக்குப் பவர் கார்ட் போதும். நம் கணக்கில் ச, ப, இரண்டே சுரம். அந்த விரலமைப்பு கலையாமல் கையை நகர்த்தினால் ஒரு பாட்டே கிடைத்துவிடும். டிரம்ஸுக்கு ஒன்றிலும் மூன்றிலும் கால், இரண்டிலும் நாலிலும் ஸ்நேர். பேஸுக்கு ஒரே ஸ்ட்ரிங்கில் தொடங்கலாம். சின்னக் கைக்காரிக்கு வழக்கமான 34 அங்குல பேஸைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வரவில்லை என்று சொல்லாதீர்கள். 30 அங்குல பேஸ் இருக்கிறது, தேடி எடுங்கள்.

4. காதுக்கு அடைப்பான் இல்லாமல் பயிற்சி அறைக்குள் யாரையும் விடாதீர்கள், உங்களையும் சேர்த்துத்தான். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் போனால் கால் மணி நேரம்தான். இதில் விவாதமே வேண்டாம்.

5. தப்பான சுரம் விழுந்ததும் “சாரி” என்பார்கள். சுரம் சரியாக விழுந்தாலும் சிலர் சொல்வார்கள். பல முகாம்களில், ‘சாரி’க்குப் பதிலாக ‘ஐ ராக்’ என்று உரக்கச் சொல்லவைக்கும் வழக்கம் உண்டு. எனக்கு முதலில் இது விளையாட்டுத்தனமாகத்தான் பட்டது. புதன்கிழமைக்குள் அறையின் சத்தமே மாறிவிடும். அடுத்தவள் காலை மிதித்துவிட்டால் மட்டும் சாரி கேட்கத்தான் வேண்டும்.

6. வாரத்தின் நடுவில் சண்டை வரும். ஒருத்திக்கு நாய்க்குட்டிப் பாட்டு வேண்டும், இன்னொருத்திக்கு உலகம் அழிய வேண்டும். தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டையும் ஒரே பாட்டில் போட்டு அவர்களே முடிச்சுப் போடுவார்கள், பெரும்பாலும் அதுதான் நல்ல பாட்டாக அமையும். ஒருத்தியை மற்றவர்கள் கூட்டாக ஒதுக்கினால் மட்டும் உடனே குறுக்கே வாருங்கள்.

7. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாட்டுப் போடுங்கள், பிரசங்கம் வேண்டாம். ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை எல்விஸ் பதிவுசெய்தது 1956இல். அதற்கு முன்பே, 1952இல், அதைப் பாடிப் பதிந்தவர் வில்லி மே தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண். நியூயார்க்கின் புரூக்ளின் முகாம் அவர் பெயரில்தான் தொடங்கியது. எலெக்ட்ரிக் கிடாரை அதிரவைத்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1973இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல். மணிலாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடியேறிய ஜூன், ஜீன் மில்லிங்டன் சகோதரிகளின் ‘ஃபேனி’ 1970இலேயே பெரிய நிறுவனம் ஒன்றில் முழு ஆல்பம் வெளியிட்டது. ஜூன் பின்னாளில் இசைக் கழகம் ஒன்றைத் தொடங்கி, சிறுமியருக்கு ராக் முகாம்கள் நடத்தியவர். தன்னைப் போன்ற முகத்தை ராக் மேடையில் பார்த்திராத பிள்ளை யாராவது அந்தச் சாப்பாட்டு மேசையில் நிச்சயம் இருப்பாள்.

8. உடையையும் முடியையும் பாராட்டாதீர்கள். அதற்கு ஊரே இருக்கிறது.

9. யார் முழுக் கட்டணம் கட்டினார்கள், யார் உதவித்தொகையில் வந்தார்கள் என்று கேட்கவே கூடாது.

10. வெள்ளிக்கிழமை ஒத்திகையில் பாட்டை நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்தச் சொல்லுங்கள். டிரம்ஸ் வாசிப்பவள் குச்சியைத் தட்டி நாலு எண்ணி மறுபடி கிளப்பப் பழகட்டும். மறுநாள் மேடையில் பாட்டு உடைந்தால் நீங்கள் ஓட வேண்டியிருக்காது, ஓடவும் கூடாது. நிகழ்ச்சி முடிந்ததும் ஆம்பை வண்டியில் ஏற்றவும் அவர்களையே கூப்பிடுங்கள். கனமானதை இருவர் பிடிக்கட்டும்.