ஒரே மருந்து, உறுப்புக்கு ஒரு வேலை

திடுக்கிட்டுப் பயந்தால் நெஞ்சு படபடக்கிறது, முகம் வெளிறுகிறது, மூச்சுக்குழல் தளர்ந்து விரிகிறது. இம்மூன்றையும் செய்ய வல்லது அட்ரினலின் என்ற ஒரே சுரப்பு நீர். ஒரே இரத்தத்தில் ஓடும் ஒரே பொருள் ஓரிடத்தில் தசையை இறுக்கவும் இன்னோரிடத்தில் தளர்த்தவும் எப்படி முடிகிறது?

விடை மருந்தில் மட்டும் இல்லை. அதை ஏற்கும் திசுவிலும் இருக்கிறது. செல்களின் மேற்பரப்பில் 'ஏற்பிகள்' என்னும் புரதங்கள் உள்ளன. மருந்து சாவி என்றால் ஏற்பி பூட்டு. எல்லாத் திசுக்களிலும் ஒரே பூட்டு இல்லை.

1948-இல் அமெரிக்க அறிஞர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலினையும் அதை ஒத்த சில பொருள்களையும் விலங்குகளின் பல உறுப்புகளில் சோதித்தார். இரத்தக் குழாயைச் சுருக்குவதில் பின்தங்கிய ஐசோபிரெனலின், இதயத்தை முடுக்குவதில் முதலிடம் பெற்றது. ஏற்பி ஒரே வகை என்றால் இந்த வரிசை மாறக்கூடாதல்லவா? ஆகவே ஆல்ஃபா, பீட்டா என இருவகை உண்டென்றார். தோலின் இரத்தக் குழாயைச் சுருக்குவது ஆல்ஃபா. 1967-இல் லாண்ட்ஸ் குழுவினர் பீட்டாவையும் இரண்டாகப் பிரித்தனர். இதயத்தில் மிகுந்திருப்பது பீட்டா-1. மூச்சுக்குழல் தசையைத் தளர்த்துவது பீட்டா-2.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் பெரும்பாலும் பீட்டா-2-ஐத் தூண்டி மூச்சுக்குழலைத் திறக்கிறது. கைத்தசையிலும் பீட்டா-2 இருப்பதால் சிலருக்குக் கை நடுங்கும்.

1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால் இதற்கு நேர்மாறு. அது பீட்டா-1, பீட்டா-2 இரண்டையுமே அடைக்கிறது. இதயப் படபடப்பைத் தணிக்கவும் ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் அதைத் தருகிறார்கள். ஆனால் ஆஸ்துமாக்காரர் அதை விழுங்கினால் மூச்சுக்குழல் இறுகி உயிருக்கே ஆபத்து நேரலாம். அட்டினலால் போன்றவை பீட்டா-1-ஐயே அதிகம் நாடும். எனினும் அளவு கூடினால் பீட்டா-2-ஐயும் தொடும். எனவே அவற்றையும் முழுக்க நம்ப முடியாது.

மாற்றலாகிப் புது ஊருக்கு வந்தவர்கள் புது டாக்டரிடம் இரண்டைச் சொல்ல வேண்டும்: வீட்டில் யாருக்கு ஆஸ்துமா, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட தலைவலி மாத்திரையை நாமும் வாங்கிச் சாப்பிடுவது கூடாது. டாக்டர் தந்த பீட்டா தடுப்பு மாத்திரையை நாமாகத் திடீரென நிறுத்துவதும் கூடாது. இதயத்துக்குக் கேடு வரும்.