மாரி இறங்குமுன்: டயலிசிஸ் செய்பவர்களுக்கும் வீட்டாருக்கும்

ஐப்பசி வந்துவிட்டது. புளியங்கூடல், சரவணை, நாரந்தனைப் பக்கம் டயலிசிஸ் செய்யும் ஒருவர் வீட்டில் இருந்தால், முதல் வேலையாகக் கிளினிக் கொப்பியை எடுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியது. அப்படி ஒரு கிழமை இந்த மாரியிலும் வரலாம்.

சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 15 மில்லிலீற்றருக்குக் கீழே போனால் அது 5ஆம் கட்டம், கடைசிக் கட்டம். அதன்பின் பலருக்குக் கிழமையில் இரண்டு மூன்று தரம், தரத்துக்கு ஏறக்குறைய 4 மணித்தியாலம், இயந்திரம்தான் சிறுநீரகம். ஒரு தரம் தவறினாலும் நெஞ்சில் நீர் கட்டலாம், பொட்டாசியம் ஏறலாம். ஏறிய பொட்டாசியம் பெரிய அறிகுறி எதுவும் காட்டாமலே இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

ஆகவே, வழி அடைபட்டால் முறையை முன்தள்ளித் தருவார்களா, யாருக்கு அழைப்பது என்று டயலிசிஸ் பிரிவில் இப்போதே கேட்டு அந்தக் கொப்பியில் எழுதி வையுங்கள். நெடுந்தீவு, நயினாதீவுக்காரர் புயல் அறிவித்தல் வந்த உடனேயே பட்டணத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. கடல் கொந்தளித்தபின் குறிகட்டுவானுக்குப் படகு வராது. குளிசைகள் இரண்டு கிழமைக்காவது கையில் இருக்கட்டும்.

மழை பெய்தால் கூழ் கேட்கும் நாக்கு நம்முடையது. ஆனால் ஒடியல் கூழில் மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, நண்டு, றால் எல்லாம் சேர்கின்றன. பொட்டாசியம், பொஸ்பரசு, உப்பு, அதற்குமேல் தண்ணீர், அத்தனையும் ஒரே கோப்பையில். டயலிசிஸ் செய்பவருக்கு அது வேண்டாம். இளநீர், வாழைப்பழம், கருவாடும் அப்படியே. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் வாங்காதீர்கள். முறை தவறிய நாளில் தண்ணீரையும் தேநீரையும் டாக்டர் சொன்ன அளவிலும் குறையுங்கள். சவர்க் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு உண்டு. சமையலுக்கு நல்ல தண்ணீர் எடுங்கள்.

காய்ச்சல், உளைவு என்று டைக்குளோபினாக், இபுபுரூபன் குளிசைகளைக் கடையில் வாங்கிப் போடவேண்டாம். எஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் அவை கெடுக்கும். சலரோகமும் பிரஷரும் உள்ள மற்றவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் இந்த மாதமே கிரியற்றினினும் சலத்தில் புரதமும் சோதித்துக்கொள்ளட்டும். வெள்ளத்தில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோன எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் தாக்கும்.

வயதுபோய், டயலிசிஸ் வேண்டாம் என்று தீர்மானித்த அப்பு ஆச்சிக்கும் வைத்தியம் உண்டு. மூச்சு முட்டலையும் அரிப்பையும் ஓங்காளத்தையும் மருந்தால் குறைக்கலாம். அவர்களை வீட்டோடு விட்டுவிடாமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

படுக்க முடியாத மூச்சு முட்டல், கைகால் சோர்வு, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் கண்டால் விடியும்வரை காத்திராதீர்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, இவர் டயலிசிஸ் நோயாளி என்பதை முதலில் சொல்லுங்கள்.