ஒலிக்குள் ஒரு கையெழுத்து

ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறீர்களா? மிக்ஸிங் பழகும் கையோடு, ஒலிக்குள் காதுக்குத் தெரியாத குறியை ஒளிக்கும் ஆடியோ வாட்டர்மார்க்கையும் கற்றுக்கொள்ளுங்கள். வெளியாகாத பாடல் கசிந்தால், அது யாருக்குக் கொடுத்த பிரதி என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள்.

ஒரு மாலைப் பயிற்சி. சிடி தரத்தில் விநாடிக்கு 44,100 சாம்பிள்; ஒவ்வொன்றும் 16 பிட் எண். 12,346 என்றிருப்பதை 12,347 ஆக்குங்கள். கடைசி பிட் மட்டும் மாறும், காதுக்குத் தெரியாது. இப்படியே மாற்றிக்கொண்டு போய் வேவ் ஃபைலுக்குள் உங்கள் பெயரை எழுதிவிடலாம். பிறகு அதை எம்பி3 ஆக்கி, மறுபடி வேவ் ஆக்கிப் படியுங்கள். பெயர் போயிருக்கும். காதுக்கு எட்டாததைக் கழிப்பதுதான் எம்பி3யின் வேலை. நீங்கள் ஒளித்ததும் அங்கேதான்.

இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பதிவில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட, தொட்டாலே கலையும் குறிதான் வேண்டும். உரிமையைக் காட்டவோ எத்தனை அடி பட்டாலும் அழியாத குறி வேண்டும். எந்த வேலை வந்தாலும் இவற்றில் எது தேவை என்று முதலில் கேளுங்கள்.

அழியாத குறியை, காதுக்குக் கேட்கும் ஒலிக்குள்ளேயே, உரத்த சத்தத்தின் மறைவில் வைக்க வேண்டும். மியூசாக் நிறுவனத்தின் எமில் ஹெம்ப்ரூக், கேட்கும் ஒலிக்குள் குறி வைக்கும் ஒரு முறைக்கு 1954இலேயே காப்புரிமை கேட்டார். 1,000 ஹெர்ட்ஸ் அருகே மெல்லிய ஒரு பட்டையை விட்டுவிட்டு நீக்கி, மோர்ஸ் குறியீட்டில் அடையாளம் எழுதும் முறை அது. கணினி இல்லாமல் செய்தது எனக்கு இன்றும் வியப்பு. திருட்டுப் பிரதியைக் கண்டுபிடிக்க ப்ளூ-ரே பிளேயர்கள் தேடும் சினாவியா குறியும் இந்த அழியாத வகைதான்; தியேட்டரில் மைக் வைத்துத் திருடிய பதிவிலும் தங்கும்.

ஆனாலும் உடைத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். 2000இல் இசைத்துறையின் எஸ்டிஎம்ஐ கூட்டமைப்பு தன் நான்கு வாட்டர்மார்க்குகளை உடைக்கச் சொல்லிச் சவால் விட்டது. நான்கையும் வீழ்த்திவிட்டதாக பிரின்ஸ்டன் பல்கலையின் எட்வர்ட் ஃபெல்ட்டன் குழு அறிவித்தது. உங்கள் குறி வைத்த ஃபைலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, வேகத்தைச் சற்றே கூட்டி, ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் போனில் பதிந்து சோதியுங்கள். எதில் பிழைத்தது, எதில் போனது என்று எழுதிய தாளை நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோங்கள்.

வேலையில் சேர்ந்தபின்: மாஸ்டரிங் முடித்தே குறி வையுங்கள். குறியில்லாத மாஸ்டரைத் தனி டிரைவில் பூட்டுங்கள். ஆறு பேருக்கு அனுப்பினால் ஆறு குறி, ஒவ்வொன்றிலும் வேறு எண். எந்த எண் யாருக்கு, எந்தத் தேதியில் என்று அனுப்பும்போதே நோட்டில் ஏற்றுங்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால், கசிந்த ஃபைலிலிருந்து எடுத்த எண் வெறும் எண்தான்.